அது உங்க கார் சார்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பொட்டிபுரம் பக்கத்துப் பள்ளியில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் வெளியூர் ஆசிரியர்கள் உடனே கேட்பது, "நியூட்ரினோ ஊரா?" என்பதுதான். மலையைக் குடைந்து அமைப்பதாக இருந்த அந்த ஆய்வகத்தைப் பற்றி எவ்வளவு வாதங்கள் நடந்தன என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பேச நான் வரவில்லை. ஆனால் ஒன்று. அங்கே வைக்கத் திட்டமிட்ட கருவி 50,000 டன் அளவுக்கு இரும்புத் தகடுகளும், அவற்றைக் காந்தமாக்கும் தாமிரச் சுருள்களும் கொண்டது. நான் பேச வந்திருப்பதும் இரும்பு, தாமிரம், காந்தம் ஆகிய மூன்றையும் பற்றித்தான். அளவு மட்டும் வேறு. கட்டைவிரல் பருமனுள்ள ஒரு மோட்டார்; அதை வைத்து ஓடும் ஒரு பொம்மைக் கார்; அதில் நான் செய்த ஒரு தவறு.

முதலில் அந்தக் காரைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஸ்லாட் கார் என்பார்கள். பலகையில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். நம் ஊர்த் தச்சர்கள் அதைக் 'காடி' என்பார்கள். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு இது 'காடிக் கார்'. காரின் முன்பக்கம் அடியில் ஒரு சிறு நாக்கு உண்டு. அது காடிக்குள் இறங்கியிருக்கும். கார் அது போகும் வழியில் போகும். காடியின் இருபுறமும் இரண்டு உலோகப் பட்டைகள். அவற்றிலிருந்து மின்சாரம் காரின் மோட்டாருக்கு ஏறும். ஓட்டுபவர் கையில் ஸ்டியரிங் கிடையாது. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். வளைவில் வேகம் மிஞ்சினால் கார் காடியை விட்டுத் தெறித்து விழும்.

இங்கிலாந்தில் ஃபிரெட் ஃபிரான்சிஸ் என்பவர் 1952 முதல் 'ஸ்கேலெக்ஸ்' என்ற சாவி கொடுக்கும் கார்களைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார். அவற்றில் மின் மோட்டாரைப் பொருத்திக் காடியில் ஓடவிட்டு, 1957இல் 'ஸ்கேலக்ஸ்ட்ரிக்' என்ற பெயரில் காட்சிக்கு வைத்தார். இன்றுவரை அது விற்கிறது. அந்தப் பெட்டியின் விலை நமக்குக் கட்டாது. ஆனால் அதற்குள் இருக்கும் பொருள்கள் எல்லாம் நம் ஊரிலேயே கிடக்கின்றன.

பலகையும் காரும்

எட்டடிக்கு நாலடிப் பழைய பிளைவுட் பலகை ஒன்று கிடைத்தது. நீள்வட்டமாக இரண்டு தடம் வரைந்தோம். ஆணியை மையமாக அடித்து, ரீப்பர் கட்டையைக் கவராயம் போலச் சுற்றி அரைவட்டம் போட்டது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். காடி வெட்டியது ஊர்த் தச்சர். ரவுட்டர் இயந்திரத்தால் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டிக் கொடுத்தார். காடியின் இருபக்கமும் ஒட்டத் தாமிர நாடா வாங்கினோம். மின்சாரத்துக்கு 6 வோல்ட் அடாப்டர், தடத்துக்கு ஒரு ஃபியூஸ், தடத்துக்கு ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் குமிழ்.

கார்களுக்கு ஒன்றும் வாங்கவில்லை. உடைந்த பொம்மைக் காரின் மோட்டார், பல்சக்கரம், பின் அச்சு மூன்றையும் ஒன்றாகக் கழற்றினோம். சட்டத்துக்குப் பழைய சுவிட்ச் போர்டின் ஹைலம் தகடு. முன் அச்சுக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, அது சுழல ஸ்ட்ரா துண்டு. நாக்குக்கு உடைந்த ஸ்கேல். நாக்கின் இருபுறமும் தாமிரப் பட்டையைத் தொட, பழைய ஒயரின் மெல்லிய இழைகளைப் பின்னி வைத்தோம். மேல்கூட்டுக்கு அட்டைப் பெட்டி. நுங்கு வண்டி செய்து பழகிய கைகளுக்கு இதெல்லாம் பெரிய வேலையே இல்லை.

செய்துவிட்டால் ஓடும். ஆனால் நன்றாக ஓடாது. காடிக் காரில் உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. அதைத்தான் டியூனிங் என்கிறார்கள். ஏன் நடுங்குகிறது, ஏன் நின்று நின்று போகிறது, ஏன் அதே வளைவில் விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சரிசெய்வது. நான் தவறு செய்த இடமும் அதுதான்.

என் தவறு

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். தம்பி என்றே சொல்கிறேன். அவன் அம்மா ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். விடிவதற்கு முன் ஜீப் வந்துவிடும். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு வழியாக அந்தப் பக்கம் போய், இருட்டும்போதுதான் திரும்புவார்கள். சின்னத் தங்கையை எழுப்பிக் குளிப்பாட்டி அங்கன்வாடியில் விடுவது தம்பியின் பொறுப்பு. காய் எடுப்புக் காலத்தில் அவன் பள்ளிக்குத் தாமதமாக வருவான். பல நாள் வரவே மாட்டான். எழுதுவதில் பின்தங்கியவன். வகுப்பில் அவனாக வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

காடிக் கார் வந்ததும் அவன் மாறினான். மதிய உணவு முடிந்ததும் பலகை அருகில் நிற்பான். அவன் செய்த கார் பார்க்க அழகில்லை, ஆனால் ஓடியது.

அறிவியல் கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. அவன் காரை ஒரு நாள் மாலை வீட்டுக்கு எடுத்துப் போனேன். சக்கரத்தில் சைக்கிள் ட்யூப் வளையம் மாட்டி, மோட்டாரை ஓடவிட்டு, உப்புத்தாளில் வைத்துத் தேய்த்து வட்டமாக்கினேன். நாக்கை மாற்றினேன். பின் அச்சுக்குச் சற்று முன்னால், தரையை ஒட்டி, நான்கு இரும்பு வாஷர்களை ஒட்டினேன். இரவு பதினொன்று ஆகிவிட்டது. மறுநாள் அந்தக் கார் எல்லாவற்றையும் முந்தியது. வகுப்பே கைதட்டியது. தம்பி மட்டும் தட்டவில்லை. எனக்கு அப்போது அது கண்ணில் படவில்லை.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் பொறுமையானவர். காரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வாஷரை ஏன் இந்த இடத்துல வெச்சிருக்க?" என்று அன்பாகத்தான் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சார் வெச்சாரு" என்றான்.

அடுத்த வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. காய் எடுப்புக் காலம், அதனால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாலை வீட்டுக்குப் போனேன். தங்கைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். "காரை எடுத்துட்டு வந்திருக்கேன்டா, வாடா தம்பி ஓட்டலாம்" என்றேன். "அது உங்க கார் சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்வது போலச் சொன்னான்.

நண்பர்களே, இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் எத்தனை கணக்கை மாணவர் கையிலிருந்து சுண்ணக்கட்டியை வாங்கி நானே முடித்திருப்பேன்! எத்தனை படத்துக்கு நானே கடைசிக் கோடு போட்டிருப்பேன்! உதவி என்றுதான் நினைத்தேன். ஒரு பிள்ளையிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறேன் என்று அன்று அந்தத் திண்ணையில்தான் தெரிந்தது. அவனிடமிருந்து நான் எடுத்தது காரை அல்ல, அதன் குறையை. குறையைக் கண்டுபிடிக்கும் வேலைதான் அந்தக் காரில் அவனுக்கு இருந்த சொத்து. அதை ஒரே இரவில் செலவழித்துவிட்டேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

அங்கேயே, அவன் முன்னால், வாஷர்களைப் பிடுங்கினேன். ட்யூப் வளையங்களைக் கழற்றினேன். பழைய நாக்கை மாட்டினேன். "இப்ப இது உன் காரு. நான் இனிமே தொட மாட்டேன். தொட்டா நீ கேளு" என்றேன். அவன் உடனே சிரித்துவிடவில்லை. மூன்று நாள் கழித்து வந்தான்.

அன்றிலிருந்து பலகை அருகில் மூன்று விதிகள். ஒன்று: ஆசிரியர் கை பின்னால் கட்டியிருக்க வேண்டும். இரண்டு: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மூன்று: நோட்டில் மூன்று பத்தி. என்ன மாற்றினேன், என்ன ஆகும் என்று நினைத்தேன், என்ன ஆனது. எழுத வராத பிள்ளை படம் போடலாம். பத்துச் சுற்றுக்கு நேரம் பார்த்து எழுத வேண்டும். ஒரு சுற்றை மட்டும் பார்த்தால் கடிகாரத்தை அழுத்துவதில் வரும் பிழையே பெரிதாகிவிடும்.

பிறகு நடந்தவை எந்தப் பாடத் திட்டத்திலும் நான் எழுதி வைத்தவை அல்ல.

தம்பி யாரிடமோ செல்போனில் காணொளி பார்த்துவிட்டு வந்தான். பெரிய போட்டிக் கார்களின் அடியில் காந்தம் வைப்பார்களாம், வளைவில் விழாதாம். பழைய ஸ்பீக்கரின் காந்தத் துண்டை ஒட்டினான். ஒன்றும் ஆகவில்லை. கனம் கூடியதால் கிளம்புவதுதான் மெதுவானது. என் நாக்கு நுனிவரை விடை வந்துவிட்டது. கை மட்டுமல்ல, வாயையும் கட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவன் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பலகை முழுதும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஆணியில் ஒட்டியது, தாமிர நாடாவில் ஒட்டவில்லை. "கடையில விக்கிற ரோட்டுல இரும்புப் பட்டை இருக்கும் சார், அதான் அதுக்குக் காந்தம் வேலை செய்யுது" என்றான். ஆம், அவற்றில் இருப்பது காந்தம் ஈர்க்கும் உலோகப் பட்டைதான்.

அதோடு முடியவில்லை. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பக்கத்தில் நின்று கேட்டாள்: "தாமிரத்தைக் காந்தம் இழுக்காதுன்னா, மோட்டாருக்குள்ள இருக்கிறதும் தாமிரக் கம்பிதானே சார், அது எப்படிச் சுத்துது?" அன்று ஒரு மோட்டாரைப் பிரித்தோம். மின்னோட்டம் பாயும்போது மட்டும் சுருள் காந்தமாகிறது, நின்றால் போய்விடுகிறது என்பதை ஆணியில் கம்பி சுற்றிப் பார்த்தோம். ஒன்பதாம் வகுப்பு மின்காந்தவியல் பாடத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளை கேள்வி கேட்டு வரவழைத்துவிட்டாள்.

அடுத்தது வாஷர். "கனம் கூடினா டயர் நல்லாப் பிடிக்கும்" என்பது எல்லோருடைய எண்ணம். பாதிதான் சரி. கனம் கூடினால் உராய்வு கூடும். ஆனால் அந்தக் கனத்தை வளைவில் திருப்பத் தேவைப்படும் மையநோக்கு விசையும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே கனத்தால் மட்டும் பெரிய லாபம் இல்லை. பிள்ளைகள் வாஷரைக் கூரையில் ஒட்டினார்கள். கார் வளைவில் கவிழ்ந்தது. நடுவில் ஒட்டினார்கள், கொஞ்சம் தாங்கியது. அடியில் ஒட்டினார்கள்; நின்றது. ஏன் என்று கேட்டேன். எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது தம்பி சொன்னான்:

"போடிமெட்டு ஏறுறப்ப மூட்டையை ஜீப்பு மேல கட்டுனா வளைவுல வண்டி ஆடும் சார். உள்ள கீழ போட்டா ஆடாது. டிரைவர் அண்ணன் மேல ஏத்தவே விடமாட்டாரு."

விடுமுறை நாளில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய் வரும்போது பார்த்தது. ஈர்ப்பு மையம் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் நான் கரும்பலகையில் எழுதினேன். கண்காட்சியில் நடுவர் கேட்ட கேள்விக்கான பதில் அது. முழுசாக நான்கு மாதம் தள்ளி வந்தது. ஆனால் அவனுடையதாக வந்தது.

வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, வளைவு முடியும் இடத்தில் கூட்டுவது என்ற ஓட்டும் முறையையும் அவன்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். வேகம் இருமடங்கானால் வளைவில் தேவைப்படும் விசை நான்கு மடங்காகும் என்ற சூத்திரம் அவனுக்குத் தெரியாது. அந்த ஓட்டுநருக்கும் தெரியாமல் இருக்கலாம். அதன் பலன் இருவருக்கும் தெரியும்.

பாடத்தோடு சேரும் இடங்கள்

நேரம் போகிறது, பாடம் முடிக்க வேண்டும் என்று உங்கள் மனம் சொல்வது கேட்கிறது. எனக்கும் அதே கவலை இருந்தது. அதனால் கணக்கு ஆசிரியரையும் உடற்கல்வி ஆசிரியரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் பலகையில் நேர்ப்பகுதிகள் ஒவ்வொன்றும் 1.2 மீட்டர். வெளித் தடத்தின் வளைவு ஆரம் 50 சென்டிமீட்டர், உள் தடத்தின் ஆரம் 40. வெளித் தடத்தில் ஒரு சுற்று 5.54 மீட்டர்; உள் தடத்தில் 4.91. வித்தியாசம் 63 சென்டிமீட்டர். உள்ளே ஓடும் கார் ஒவ்வொரு சுற்றிலும் அவ்வளவு தூரம் மிச்சம் பிடிக்கிறது. "அப்ப இது நியாயமான போட்டி இல்லையே சார்" என்று பிள்ளைகளே சண்டைக்கு வந்தார்கள். நியாயம் செய்வது எப்படி? இருவரும் தடம் மாற்றி ஒருமுறை ஓட வேண்டும். அல்லது எட்டு வடிவில் தடம் போட வேண்டும். 400 மீட்டர் ஓட்டத்தில் வீரர்களை ஏன் ஒருவருக்கு முன் ஒருவராக நிறுத்துகிறார்கள் என்பதை அன்று உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தில் காட்டினார். வட்டத்தின் சுற்றளவை அதற்குமேல் யாரும் மறக்கவில்லை.

விகிதமும் வந்தது. வெளித் தடத்தில் பத்துச் சுற்றை ஒரு கார் 30 நொடியில் முடித்தால் அதன் சராசரி வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1.85 மீட்டர். உண்மைக் காரின் 32இல் ஒரு பங்கு அளவில் செய்தது என்றால், அந்த அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 213 கிலோமீட்டர்! பிள்ளைகள் துள்ளினார்கள். உடனே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீளத்தைப் பெருக்குவது போல உராய்வையும் எடையையும் பெருக்க முடியாது. ஆகவே இது கணக்குக்கான விளையாட்டு. பொம்மைக் கார் ஒருபோதும் உண்மைக் கார் ஆகாது.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். வீட்டு மின்சாரத்தைப் பலகைக்கு நேரடியாகக் கொண்டுவரவே கூடாது, அடாப்டர் மட்டும்தான். ஃபியூஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். இரண்டு தாமிரப் பட்டைகளின் மேலும் ஒரு ஊசி விழுந்தால் போதும், சூடேறிவிடும். மோட்டார் சுட்டால் ஆறவிடுங்கள். கனத்துக்கு ஈயக்குண்டு வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நச்சு, பிள்ளைகள் கையில் வேண்டாம், இரும்பு வாஷர் போதும். பற்றவைப்பை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யட்டும். சுண்ணக்கட்டித் தூள் டயரில் ஒட்டினால் கார் வழுக்கும். செல்லோடேப்பை ஒட்டி எடுத்தால் தூள் வந்துவிடும். இதையும் ஒரு மாணவன்தான் கண்டுபிடித்தான்.

பலகை செய்ய வசதி இல்லாத பள்ளிகளுக்கும் சொல்கிறேன். பலகை முக்கியமில்லை. நுங்கு வண்டி, காற்றாடி, பேப்பர் விமானம், எதுவானாலும் சரி. ஒரு குறை இருக்க வேண்டும். அதைப் பிள்ளையே பார்க்க வேண்டும். ஒரு மாற்றம் செய்ய வேண்டும். எழுத வேண்டும். நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். இதில் கடினமானது கடைசி ஒன்றுதான்.

தம்பியின் கதையை இனிப்பாக முடிக்க முடியவில்லை. காய் எடுப்புக் காலத்தில் அவன் வருகை அதற்குப் பிறகும் குறைந்துதான் இருந்தது. ஒரு பொம்மைக் கார் அந்த வீட்டின் விடியற்காலையை மாற்றிவிடாது. ஆனால் வராத நாளுக்கு மறுநாள், முன்பு போல ஒளிந்து உட்காராமல், நேரே வந்து "நேத்து என்ன சார் மாத்துனாங்க?" என்று நோட்டை வாங்கிப் படிப்பான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், படித்தான். பத்தாம் வகுப்பு தேறினான். அவன் நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில், என்ன மாற்றினேன் என்ற பத்தியில், அவன் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "சார் வெச்ச எல்லாத்தையும் கழட்டியாச்சு."

என்ன ஆனது என்ற பத்தியில் ஒரே சொல்: "ஓடுது."